மூன்று பேஸும் நான்கு தேசிக்காயும்

அப்பா ஏன் பேஸ்போல் பார்க்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. பத்து வயதில், ஞாயிற்றுக்கிழமை யாராவது வெளியே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் காரணம் கேட்கக்கூடாது. கேட்டால் அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள், யோசித்தால் தமிழ்ப் பாடப் புத்தகம் ஞாபகம் வரும். நான் வாயைத் திறக்காமல் காரில் ஏறிவிட்டேன்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டு அப்பா எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஊர்ச் சனங்களோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். உங்களை நன்றாகத் தெரிந்த சுவிஸ்காரர் ஒருவர் நற்சான்றும் எழுதித் தரவேண்டும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்து, மிச்ச நேரத்தில் நித்திரை கொள்ளும் மனிதருக்குச் சுவிஸ்காரர் யாரைத் தெரியும்? ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள் என்று தெரிந்தவர்கள் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

வின்டர்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சிறிய ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. துப்பாக்கி சுடும் சங்கம் இருந்தது. இலங்கை யுத்தத்துக்குத் தப்பி வந்த அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. யோடல் பாடுகிற சங்கம் இருந்தது. அப்பா குளியலறையில் முணுமுணுத்தாலே அம்மா கதவில் தட்டுவார். கடைசியில் மிஞ்சியது பேஸ்போல். மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, கிரிக்கெட்டுக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தமாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து ஆதரவாளராகச் சேர்ந்துவிட்டார்.

முதல் ஆட்டத்துக்குப் போனபோது ஏப்ரல் மாதம். மைதானத்தின் ஓரத்தில் இன்னும் பனி கிடந்தது. பார்வையாளர்கள் முப்பது பேர் இருப்பார்கள், அதில் பாதிப் பேர் விளையாடுகிறவர்களின் மனைவிமார். அப்பா மடக்குக் கதிரையில் இரண்டு ஜக்கெட்டுக்குள் புதைந்து, இதில் எப்போது ஓவர் முடியும் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒன்றும் தேவைப்படவில்லை. பதினேழாம் இலக்கச் சட்டை போட்ட ஒருவர் பந்தை அடித்துவிட்டு ஓடினார், மண்ணில் விழுந்து வழுக்கிக்கொண்டே போய் வெள்ளைச் சதுரத்தைக் காலால் தொட்டார். நடுவர் இரண்டு கையையும் விரித்து, அவுட் இல்லை என்று காட்டினார். அந்த ஒரு நிமிடத்தில் நான் பேஸ்போல் பைத்தியமானேன். அதற்குப் பிறகு அந்த ஆண்டில் எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை.

விதிகளை யூடியூப்பில் பார்த்துப் படித்தேன். அப்பாவுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். நான்கு மூலை, மூன்றில் வெள்ளை மெத்தை மாதிரி பேஸ், நான்காவது வீடு. வீட்டிலிருந்து புறப்பட்டு மூன்று பேஸையும் தொட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். அம்மா ஒரே ஒரு முறை வந்து பார்த்தார். அவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, ஞாயிறும் போகவேண்டும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இது தாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மட்டையும் பந்துமாக விளையாடிய எல்லேதான், இவர்கள் உடுப்பு மட்டும் நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டமும், யார் எத்தனை முறை அடித்தார், யார் எந்தப் பேஸில் அவுட் ஆனார் என்று அதில் எழுதுவேன். பதினேழுக்கு மட்டும் தனிப் பக்கம். அவர் கூரை போடும் தச்சர் என்றும், உயரமான இடத்தில் நின்று பழகியவர் என்பதால் பயமில்லாமல் ஓடுகிறார் என்றும் அப்பா விசாரித்து வந்து சொன்னார். ஜூன் மாதம் வரும்போது அப்பாவும் கதிரையை விட்டு எழும்பிக் கத்தத் தொடங்கியிருந்தார். இடைவேளையில் அவர்தான் செர்வலா என்கிற சொசேஜை வாட்டுவார். மாட்டிறைச்சி கலந்தது என்று ஒரு துண்டுகூடத் தான் வாயில் வைக்காதவர், ஒரு பக்கம்கூடக் கருகாமல் வாட்டிக்கொடுப்பார். சங்கத் தலைவர் ஒரு பேக்கரிக்காரர். நெருப்பின் அருமை தெரிந்தவர். அப்பாவின் தோளில் தட்டி ஏதோ சொல்வார், அப்பாவுக்கு முகமெல்லாம் மலரும். நற்சான்றுக் கடிதத்தை அவர் அந்தக் கோடையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இப்படிப் பாசம் வைத்த அணி நன்றாக விளையாடியதா என்றால், இல்லை. அந்த ஆண்டுதான் மேல் பிரிவுக்கு ஏறியிருந்தார்கள். ஏறியவர்கள் ஏறிய வேகத்திலேயே இறங்கப் பார்த்தார்கள். ஓகஸ்ட் மாதம் முழுவதும் தோல்வி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே அணியோடு இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோற்பார்கள். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடமாட்டேன். உனக்கென்ன, உன்ர சொந்தக்காரரோ விளையாடுகினம் என்று அம்மா கேட்பார். சொந்தக்காரர் தோற்றால் நான் இவ்வளவு அழுதிருக்கமாட்டேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு இரண்டு ஆட்டம் மிச்சம். எதிரணியும் எங்களைப் போலவே கடைசிக்கு முந்திய இடத்தில் தவித்துக்கொண்டிருந்தது. ஒன்றிலாவது வென்றால் மேல் பிரிவில் தங்கலாம், இரண்டிலும் தோற்றால் கீழே. இனி இவர்களை நம்பிப் பயனில்லை, நான்தான் ஏதாவது செய்யவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வழி எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வசந்தத்தில் அப்பா பழைய கார் ஒன்று வாங்கி, தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் இருக்கும் எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோனார். ஐயர் நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தேசிக்காய் வைத்தார். அப்பா காரை மெதுவாக உருட்ட, நான்கும் நசுங்கின. அடுத்த மாதம் வாகனப் பரிசோதனையில் அந்தக் கார் முதல் முறையே தேறியது. அம்மாவின் தோழி வீட்டுப் புதுக் கார் தேறவில்லை. அவர்கள் தேசிக்காய் வைக்கவில்லை. இதற்கு மேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்? காருக்கு நான்கு சில்லு, பேஸ்போலுக்கு நான்கு மூலை. சில்லு ஏறி நசுக்குவதைப் போல ஓடுகிறவர்கள் மிதித்து நசுக்குவார்கள். கண்ணூறு போய்விடும்.

வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து அம்மா கொண்டுவந்த தேசிக்காயில் நான்கை எடுத்தேன். சாமிப் படத்தடியில் இருந்த குங்குமத்தை எடுத்துத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொன்றிலும் தாராளமாகப் பூசினேன். ஐயர் ஒரு பொட்டுத்தான் வைத்தார். எங்கள் அணியின் நிலைமைக்கு ஒரு பொட்டுப் போதாது என்று எனக்குப் பட்டது.

முதல் ஆட்டம் பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றார்கள். இடைவேளையில் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அப்பா செர்வலாவைப் புரட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் சிறுபிள்ளைகள் மைதானத்தில் ஓடி விளையாடுவது வழக்கம், ஆகவே என்னை யாரும் கவனிக்கவில்லை. பேஸின் அடியில் ஓர் இரும்புக் கால் இருக்கும். அது நிலத்தில் புதைத்த குழாய்க்குள் இறங்கி இறுகி நிற்கும். முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்து, குழாய் வாயில் தேசிக்காயை வைத்து, பேஸைத் திரும்பப் பொருத்தி, மேலே ஏறி இரண்டு தரம் குதித்தேன். முன்போல முழுதாக இறங்கவில்லை. மண்ணைத் தள்ளி இடைவெளியை மூடினேன். இப்படி மூன்று பேஸ். நான்காவதான வீட்டுப் பலகையை அசைக்கவே முடியவில்லை, அது நிலத்தோடு சேர்த்துப் புதைத்தது. நான்காவது தேசிக்காய் என் ஜக்கெட் பைக்குள்ளேயே கிடந்தது. நாலில் மூன்று, பரவாயில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் நம்பமுடியாதபடி விளையாடினார்கள். நான்குக்கு நான்கு என்று சமமாக நின்றபோது பதினேழு அடிக்க வந்தார். பந்து வலப்பக்கமாக உயர்ந்து போய் விழுந்தது. அவர் முதல் பேஸைத் தாண்டி, நிற்காமல் இரண்டாவதை நோக்கி ஓடினார். வழக்கம்போலக் காலை நீட்டி விழுந்தார்.

பேஸ் கழன்றது. கழன்று, அவருடைய காலோடு சேர்ந்து உருண்டது. கால் ஒரு பக்கம் போக அவர் வேறு பக்கம் போனார். ஒரு சத்தம் கேட்டது. நான் இருந்த இடத்துக்கு அது கேட்டிருக்க முடியாது என்று அப்பா பிறகு சொன்னார். எனக்குக் கேட்டது.

நடுவர் பழக்கதோசத்தில் இரண்டு கையையும் விரித்து சேஃப் என்றார். பதினேழு மண்ணில் கிடந்தபடி, அவுட்டோ சேஃபோ என்று கேட்டாராம். சேஃப் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பாதம் இருக்கவேண்டிய திசையில் இருக்கவில்லை. என்னால் எழும்பவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இது நான் செய்தது, இது நான் செய்தது என்று தலைக்குள் ஒரே சொல் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரணி ஆள் ஒருவர் குழாய்க்குள் குனிந்து பார்த்து, இரண்டு விரலால் எதையோ தூக்கினார். பாதி நசுங்கிய தேசிக்காய். குங்குமம் சாற்றோடு கலந்து அவருடைய கையில் சிவப்பாக வழிந்தது. இரத்தம் என்று ஒரு பெண் சொன்னார். யாரோ ஓடிப்போய் மற்றப் பேஸ்களையும் இழுத்துப் பார்த்தார்கள். மூன்று தேசிக்காயையும் கொண்டுவந்து புள்ளி எழுதுகிறவரின் மேசையில் வரிசையாக வைத்தார்கள். இது என்ன, யாருடைய வேலை என்று யாரும் கேட்கவில்லை. முப்பது பேர் நின்ற இடத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். எல்லாரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள், உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

அப்பா செர்வலா புரட்டும் இடுக்கியோடு வந்தார். மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னுடைய வலது கை ஜக்கெட் பைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய கண் அந்தப் பையில் ஒரு கணம் நின்றது. இடுக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தலைவருக்கு நேரே திரும்பினார். தான்தான் வைத்ததாக ஜெர்மன் மொழியில் சொன்னார். எங்களுடைய வழக்கம், அதிர்ஷ்டத்துக்கு வைப்பது, இப்படியாகும் என்று நினைக்கவில்லை என்றார். வீட்டில் பத்துச் சொல் ஜெர்மன் கதைக்கவே யோசிக்கிற அப்பா, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னார்.

நான் திகைத்துப்போனேன். உண்மையைச் சொல்வதானால், ஒரு நிமிடம் அப்பாவும் தேசிக்காய் வைத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். நான் வைத்ததற்கு மேலே அவரும் வைத்ததால்தான் பேஸ் கழன்றதோ என்று. அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

தலைவர் ஏன் என்று ஒரே சொல்லில் கேட்டார். அப்பா மன்னிப்புக் கேட்டார். அம்புலன்ஸ் வந்தது, பதினேழைக் கொண்டுபோனது. பேஸைச் சரியாகப் பொருத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவருக்குப் பதிலாக ஓடிய பொடியன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஐந்துக்கு நான்கு. வென்றுவிட்டோம், மேல் பிரிவில் தங்கிவிட்டோம். ஒருவரும் கைதட்டவில்லை. கதிரைகளை மடக்கிக்கொண்டு போனார்கள். அடுப்பில் செர்வலா முதல் முறையாகக் கருகிக் கிடந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் அப்பா வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

"இது நான் செய்தது. விளங்குதோ? அம்மாவுக்கும் அப்படித்தான்."

நான் ஓம் என்றேன். எவ்வளவு லேசாக ஓம் என்றேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அம்மா வேலையால் வந்து கேட்டதும் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு தொடங்கினார். "உங்களுக்கு விசரோ? சின்னப்பிள்ளையள்கூட இப்பிடிச் செய்யாதுகள். இந்த நேரம் பாத்தோ உங்களுக்கு இந்த வேலை?" இந்த நேரம் என்றால் எந்த நேரம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சின்னப்பிள்ளை அறைக்குள் படுத்திருந்தது. கதவுக்குள்ளால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அம்மாவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அப்பா என்னைக் குசினி மேசைக்குக் கூப்பிட்டார். சங்கத்துக்கும் பதினேழுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டும். வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் அப்போதே என் பொறுப்பாகிவிட்டிருந்தது. அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் எழுதினேன். இடைவேளையின்போது நான் பேஸ்களைக் கழற்றினேன். யாரிடமும் கேட்காமல் செய்தேன். யாருக்கும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. உங்கள் காலுக்கு நேர்ந்ததற்கு நானே பொறுப்பு. எழுதும்போது கண்ணீர் தாளில் விழாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். ஆனால் கொஞ்சத்தில் வேறொன்று நடந்தது. வசனங்கள் நன்றாக வந்துகொண்டிருந்தன. ஆசிரியை சொல்லித்தந்த ஒரு பெரிய சொல்லைப் போடச் சரியான இடமும் கிடைத்தது. கடைசிப் பந்திக்கு வரும்போது நான் அழுகையை மறந்து, ஒரு பிழையும் இல்லாமல் முடிக்கவேண்டும் என்ற ஒரே கவனத்தில் இருந்தேன்.

அப்பா கடிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வாசிக்கவில்லை, பார்த்தார். "பிழை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்துக் கோணலாக இருந்ததால் என்னுடைய அழகான கடிதம் கெட்டுப்போய்விட்டது என்று எனக்குச் சின்ன மனவருத்தம்.

பதினேழின் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூன்று மாதம் கூரையில் ஏறமுடியாமல் இருந்தார். கடிதத்துக்குப் பதிலாக ஒரு தபாலட்டை அனுப்பினார். தான் சேஃப் என்பதை மறக்கவேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தார். அடுத்த வசந்தத்தில் அவர் திரும்பவும் ஓடினார் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் போகவில்லை. என் கொப்பி அந்த ஆட்டத்தோடு நின்றது.

இதற்கிடையில் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. கடிதம் போன வாரமே அப்பா பேக்கரிக்குப் போயிருக்கிறார். கோடையில் தந்த நற்சான்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பெரிய விசயமில்லை, இருக்கட்டும் என்று தலைவர் மறுத்தாராம். தன்னைப் பற்றி நல்லதாக ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கும்போது தான் அதற்குத் தகுதியாக இல்லை என்று அப்பா பிடிவாதம் பிடித்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. குடியுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டு மைதானத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றில் அரசாங்க ஆட்களுக்கு முன்னால் தான் என்று சொல்லவேண்டும், அல்லது யார் என்று சொல்லவேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை அம்மா சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது, அது நானாக விளங்கிக்கொண்டது. அம்மாவிடம் அவர் சொன்னது, தன்னுடைய பெயரால் மற்ற இரண்டு பேருடைய கோப்பும் நின்றுபோகக்கூடாது என்பதுதான். ஊர் அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மேற்பார்வை செய்த பெண் நற்சான்று கொடுத்தார்.

இவற்றில் ஒன்றும் தெரியாத பன்னிரண்டு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் தடித்த கடித உறை ஒன்றை நான்தான் உடைத்து வாசித்தேன். எங்களுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அம்மா அழுதார். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, பாரம் தாங்காமல் இறக்கிவிட்டார். நான் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தேன். அம்மாவின் பெயர் இருந்தது, என் பெயர் இருந்தது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

எனக்கு அலுவலகத்துக்காரர்மேல் கடுங்கோபம் வந்தது. எல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் என்று பெயர், ஒரு வீட்டில் மூன்று பேரை எண்ணத் தெரியவில்லை. உடனே போய்ப் பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் இருந்தேன்.

"அப்பா, உங்கட பேரை விட்டிட்டினம். சொல்லுங்கோ, நான் வடிவாக் கடிதம் எழுதித் தாறன்."

அப்பா என் கையிலிருந்த பேனையை மெதுவாக வாங்கி மூடினார்.

"வேண்டாம். நீ ஒருக்கா எழுதித் தந்தது காணும்."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.